ஒட்டு நகம் கழல்வதேன்?

பிரிக்கலாகாத உறவைக் குறிக்க "நகமும் சதையும் போல" என்று கூறுதல் தமிழ் மக்கள் வழக்கு. இயற்கை நகத்துக்கும் விரலுக்கும் உள்ள பிணைப்பின் உறுதியை நன்கறிந்தே முன்னோர் இவ்வுவமையை அமைத்தனர் போலும். ஆயின், நகத்தின்மேல் இக்காலத்தார் ஒட்டிக்கொள்ளும் செயற்கை நகத்துக்கு அத்தகைய உறவு வாய்ப்பதில்லை. கொழும்பிலே தொழில் புரியும் இளம் பெண்ணொருத்தி தீபாவளிக்காகக் கொட்டகலைக்குத் திரும்புகிறாள். எழில் மிக்க ஒட்டு நகங்களோடு புகைவண்டியினின்று இறங்குகிறாள். லயத்து வாசலிலே பாத்திரம் துலக்கியும் துணி துவைத்தும் இரண்டொரு நாள் தாய்க்குத் துணைநின்ற அளவில் ஒரு நகம் விளிம்பில் எழும்புகிறது. மற்றொன்று எங்கோ விழுந்துவிடுகிறது. பசை கூடாதென்றும், ஒட்டியவள் தொழில் அறியாள் என்றும் பழித்தல் எளிது. உண்மைக் காரணமோ நகத்தின் இயல்பிலும் கையின் உழைப்பிலும் பெரிதும் அடங்கியுள்ளது.

செயற்கை நகங்கள் பெரும்பாலும் மூவகைப்படும். வார்த்த பிளாஸ்டிக் நகத்தைப் பசையால் ஒட்டுவது முதல் வகை. சயனோஅக்கிரிலேற்று என்னும் இப்பசையை அமெரிக்க இரசாயனவியலறிஞர் ஹரி கூவர் 1942ஆம் ஆண்டில் எதிர்ப்பட்டார். 1958இல் அது விற்பனைக்கு வந்தது. அக்கிரிலிக் தூளையும் திரவத்தையும் குழைத்து நகத்தின்மேல் வனைவது இரண்டாம் வகை. 1950களில் அமெரிக்கப் பல்வைத்தியர் ஒருவர் தமது உடைந்த நகத்தைப் பல்லுக்குரிய அக்கிரிலிக்கினாற் செப்பனிட்டதே இதன் தொடக்கம் என்பர். ஜெல் என்னும் கூழைப் பூசிக் கழியூதாக் கதிர் விளக்கின்கீழ் இறுகச் செய்வது மூன்றாம் வகை. சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாதலே இம்மூன்றும் இறுகுவதற்குக் காரணமாம்.

இனி, இவற்றைத் தாங்கும் இயற்கை நகத்தின் தன்மை நோக்கத்தக்கது. நகம் கெரற்றின் என்னும் புரதம் நிறைந்த உயிரற்ற கலங்கள் தட்டையாகி, ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கப்பட்ட தகடு. பார்வைக்குக் கண்ணாடி போலத் தோன்றினும் அது நீரை எளிதில் உறிஞ்சும். உறிஞ்சியபோது சற்றே விரிந்து வளையும். உலர்ந்தபோது சுருங்கி விறைக்கும். மேலும், அது மாதமொன்றுக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளர்கிறது. ஆகவே ஒட்டு நகம் நிலையான சுவரில் ஒட்டப்பட்ட ஓடன்று. விரிந்து சுருங்கி நகர்ந்துகொண்டிருக்கும் நிலத்தில் எழுப்பப்பட்ட வீடு எனலாம்.

கழல்வதற்குரிய காரணங்களுள் முதலாவது மேற்பரப்பின் குறை. பசை நகத்தைத் தொட்டாலன்றி அதனைப் பற்றாது. எண்ணெய்ப் பசையோ ஈரமோ, நகத்தின் அடியிலிருந்து மேலே படரும் மெல்லிய தோலோ இடையில் நின்றால், பசை பற்றுவது அவற்றையே அன்றி நகத்தையன்று. ஒட்டுமுன் அத்தோலை நீக்கி, மேற்பரப்பை மெல்லத் தேய்த்து, எண்ணெயகற்றி உலர்த்துவது இதன்பொருட்டே.

இரண்டாவது காரணம் நீர். இயற்கை நகம் நீரில் ஊறி விரியும்போது மேலுள்ள பிளாஸ்டிக் அவ்வளவில் விரிவதில்லை. மீண்டும் மீண்டும் நிகழும் இவ்விழுபறியில் விளிம்பு முதலில் விடுபடுகிறது. சிறிதளவு ஈரத்தால் இறுகும் சயனோஅக்கிரிலேற்றுப் பசையும், நெடுநேரம் நீரில் ஊறினால் வலுவிழக்கும்.

மூன்றாவது காரணம் நெம்புகோல் விதி. நுனி இருமடங்கு நீண்டால், அதே விசை அடியில் இருமடங்கு திருப்புதிறனை உண்டாக்கும். நகம் வளர வளர, அடியில் இடைவெளி தோன்ற, ஒட்டு நகத்தின் பாரமும் முன்னோக்கி நகர்கிறது. மூன்று வாரம் நன்றாயிருந்த நகம் பின்னர்த் திடீரெனப் பெயர்வதன் காரணம் இதுவே.

நான்காவது காரணம் நிறைவுறாத இறுக்கம். ஜெல்லைத் தடிப்பாகப் பூசினாலும், கூழுக்குப் பொருந்தாத விளக்கைப் பயன்படுத்தினாலும், மேற்புறம் இறுக, அடிப்புறம் இறுகாமலே நிற்கும். அடித்தளம் குழைந்திருக்கக் கூரை நிலைபெறுமா?

கொட்டகலையிலே இக்காரணங்கள் ஒருங்கு கூடுகின்றன. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மலைகளை நனைக்கிறது. கொழுந்தெடுக்கும் பெண், ஈரச் செடியில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பற்றிக் கிள்ளுகிறாள். பகல் முழுவதும் அதே அசைவு. நனைதல், வளைதல், நெம்புதல் ஆகிய மூன்றும் ஒரே விரலில் நிகழ்கின்றன. திருமணத்துக்கென்று ஒட்டிய நகம் அக்கையில் நில்லாமை வியப்பன்று.

மருதோன்றியோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். அவ்விலையிலுள்ள லோசோன் என்னும் நிறப்பொருள் நகத்துட் சென்று கெரற்றினோடு பிணைகிறது. அது நகத்தின்மேல் நிற்பதன்று, நகத்தோடு ஒன்றாவது. எனவே மழையிலும் உரிவதில்லை; நகம் வளர்ந்து வெட்டப்படும்போதே நீங்குகிறது.

அங்ஙனமாயின், ஒருபோதும் கழலாத பசையைக் கண்டுபிடித்தல் நன்றன்றோ என்று வினவலாம். அன்று என்பதே விடை. மெதைல் மெதாக்கிரிலேற்று என்னும் பொருள் நகத்தை மிக இறுகப் பற்றும். அதனாற் செய்த நகம் எங்கேனும் மாட்டிக்கொண்டால், ஒட்டு நகம் பெயர்வதற்கு மாறாக, இயற்கை நகமே விரலினின்று பெயரக்கூடும். இத்தகைய தீங்குகள் பற்றிய முறைப்பாடுகளை அடுத்து, 1970களில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அப்பொருள் முழுமையாக அடங்கிய நகத்திரவங்களுக்கெதிராக நடவடிக்கை எடுத்தது. ஆகவே, ஒட்டு நகத்தின் பிணைப்பு, நகமும் சதையும் கொண்ட பிணைப்பினும் தளர்ந்ததாயிருத்தலே விரலுக்குக் காப்பு.

விளிம்பு எழும்பிய நகத்தைப் பற்களாற் கடித்தோ பலவந்தமாக இழுத்தோ கழற்றலாகாது. பசையோடு இயற்கை நகத்தின் மேலடுக்குகளும் உரிந்துவிடும். மேலே மீண்டும் பசையிடுவதும் தவறு. இடையிற் சிக்கிய ஈரத்தில் பற்றீரியங்கள் பெருகிப் பச்சைக்கறை உண்டாகலாம். பசையால் ஒட்டிய நகத்தை அசற்றோனில் ஊறவைத்து, நெகிழ்ந்தபின் நீக்குதலே முறை.

இவற்றினும் பெரியது ஒவ்வாமை. இறுகாத கூழ் தோலிற் பட்டால், சிலருக்கு விரல்நுனி சிவந்து, அரித்து, வெடிக்கும். ஒருமுறை தோன்றிய ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். இதே இனப் பொருள்கள் பல்லடைப்பிலும் பயன்படுவதால், பிற்காலப் பல்வைத்தியமும் இடர்ப்படலாம். அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் 2012இல் அக்கிரிலேற்றுகளை அவ்வாண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. 2020இல் ஐரோப்பிய ஒன்றியம், ஹெமா என்னும் பொருள் சேர்ந்த நகக்கூழைத் தொழில் கற்றவர் மாத்திரமே கையாள வேண்டுமென விதித்தது. விளக்கும் கூழும் மலிவாகக் கிடைக்கின்றனவென்று வீட்டிலே தாமே முயலும் மாணவியர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். விரல்நுனி வெடித்தவளாற் கொழுந்து கிள்ள இயலாது. நிறை குறைந்தால் அன்று அவளுக்கு அரைப்பேரே கிட்டும்.

அலங்காரத்தை வேண்டாமென்று விலக்குதல் இதன் கருத்தன்று. குறுகிய நகத்தை, தூய்மையும் உலர்வும் உடைய விரலில், தோலிற் படாமல் ஒட்டி, விழா முடிந்தபின் பொறுமையோடு நீக்கினால் தீங்கு குறையும். விருந்தாக வந்த நகம் விருந்தாகவே விடைபெறுதல் நன்று. விரலோடு பிறந்த நகமே நாளைய உழைப்புக்குத் துணை.