கிரேஸியா, சேகரா? லண்டனா, அமெரிக்காவா?

மயிலாப்பூர், தி.நகர் சபா கேன்டீன்களில் ஒருகாலத்தில் காபியைவிடச் சூடாக இருந்த பஞ்சாயத்து: 'கிரேஸி மோகனா, எஸ்.வி.சேகரா?' இன்று பேரப்பிள்ளைகள் வீட்டில் அதே பஞ்சாயத்து, 'பிரிட்டிஷ் காமெடியா, அமெரிக்கன் காமெடியா?'

உதாரணம், 'தி ஆஃபீஸ்'. 2001-ல் பி.பி.சி.யில் தொடங்கி, 2 சீஸன், கிறிஸ்துமஸ் ஸ்பெஷலோடு முடிந்தது. மேனேஜர் டேவிட் பிரென்ட் அசடு வழிந்தால், பார்ப்பவர் நெளிவார். 2005-ல் அமெரிக்கா போய் 9 சீஸன் ஓடியது. அங்கே மேனேஜர் மைக்கேல் ஸ்காட்டும் அசடுதான். ஆனால், போகப்போகப் பாசம் வந்துவிடும். சங்கடத்தைத் தாங்குபவர்களுக்கு முதலாவது. வேலை முடிந்து களைத்து வருபவர்களுக்கு இரண்டாவது.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. மயிலாப்பூர் கதையும் அதுதான். மோகனைப் பிரபலமாக்கிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' 1976-ல் மேடையேறியது, சேகரின் 'நாடகப்ரியா' குழுவில்! 1979-ல்தான் 'கிரேஸி கிரியேஷன்ஸ்' பிறந்தது. கட்சி பிரிந்து சண்டை போட்டவர்கள், முதலில் சேர்ந்து சிரித்தது ஒரே நாடகத்துக்குத்தான்.