பழுதுபார்க்க யார் வருவார்கள்?

எண்பதுகளில் கிராமத்துச் சமையலறைகளில் ‘புகையில்லா அடுப்பு’ கட்டிக்கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும். மண் அடுப்பின் பின்பக்கம் ஒரு குழாயைப் பொருத்திப் புகையைக் கூரைக்கு மேலே அனுப்பிவிடும் எளிய ஏற்பாடு அது. மேம்படுத்திய அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தை மத்திய அரசு 1983-84இல் தொடங்கியது. 2002இல் அதை நிறுத்துவதற்குள் நாடு முழுவதும் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டதாகக் கணக்கு. கட்டிய அடுப்புகளின் கணக்கு அது. அவற்றில் எத்தனை தொடர்ந்து எரிந்தன என்பது வேறு கணக்கு. குழாயில் கரி அடைத்துக்கொண்டது. அடுப்புவாய் விரிசல் விட்டது. பெரிய விறகு உள்ளே நுழையவில்லை. சரிசெய்ய யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல், எத்தனையோ வீடுகளில் பெண்கள் பழைய அடுப்புக்கே திரும்பிவிட்டார்கள்.

அந்த அடுப்பை உருவாக்கியவர்களுக்கு வெப்பவியல் நன்றாகவே தெரியும். கட்டி முடித்த மூன்றாம் ஆண்டு அந்த வீட்டுக்கு யார் போய்ப் பார்ப்பது என்ற கேள்விக்குத்தான் திட்டத்தில் உறுதியான பதில் இல்லாமல் போனது. பொறியியல் மாணவர்களைச் சமூகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் அந்தப் பேச்சையும் இதே கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

‘சேவைவழிக் கற்றல்’ என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு நாட்டு நலப்பணித் திட்டம் ஞாபகம் வரும். காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கிய அத்திட்டத்தில் மாணவர்கள் ஊரில் ஒரு வாரம் முகாம் போடுவார்கள், மரம் நடுவார்கள், குளம் தூர்வாருவார்கள். அதன் மதிப்பு குறைந்ததல்ல. ஆனால் மின்னணுவியல் படிப்பவரும் வணிகவியல் படிப்பவரும் அங்கே ஒரே மண்வெட்டியைத்தான் பிடிக்கிறார்கள். சேவைவழிக் கற்றலின் அடிப்படை வேறு. மாணவர் தான் படிக்கும் துறையின் திறமையைக் கொண்டே ஊரின் தேவையொன்றைத் தீர்க்க வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் கிரெடிட்டும் உண்டு. அந்த வேலைக்குள்ளேயே அவர் பாடத்தையும் கற்க வேண்டும்.

இதைப் பொறியியலில் ஊன்றிச் செய்த இடம் என்றால் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சொல்லலாம். மின்பொறியியல் பேராசிரியர்களான எட்வர்ட் காயிலும் லியா ஜேமிசனும் 1995இல் அங்கே ‘எபிக்ஸ்’ என்ற பாடத்தைத் தொடங்கினார்கள். ‘சமூக சேவையில் பொறியியல் திட்டங்கள்’ என்பது அந்தச் சுருக்கத்தின் பொருள். படித்து முடித்து வருகிறவர்களுக்குச் சமன்பாடு தெரிகிறது, குழுவாக வேலை செய்யத் தெரியவில்லை, வாடிக்கையாளர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கத் தெரியவில்லை என்று அமெரிக்கத் தொழில் நிறுவனங்கள் அப்போது குறைப்பட்டுக்கொண்டிருந்தன. மறுபுறம், ஊரில் இருந்த சிறு சேவை அமைப்புகளுக்குத் தொழில்நுட்ப உதவி தேவைப்பட்டது. அதை விலைகொடுத்து வாங்க அவற்றிடம் பணமில்லை. இரண்டு குறைகளையும் ஒரே வகுப்பறைக்குள் கொண்டுவந்ததுதான் எபிக்ஸ்.

தொடக்க காலத் திட்டங்களில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். பர்டியூ இருக்கும் மேற்கு லாஃபயெட்டிலிருந்து வாபாஷ் ஆற்றைக் கடந்தால் லாஃபயெட் நகரம். வீடில்லாதவர்களுக்கும் வீட்டை இழக்கும் நிலையில் இருப்பவர்களுக்கும் அங்கே பல அமைப்புகள் உதவிவந்தன. ஒன்று வாடகைக்குக் கைகொடுக்கும், இன்னொன்று உணவு தரும், மற்றொன்று தங்க இடம் தரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு என்றால், ஒரே குடும்பம் நான்கு இடத்தில் நான்கு முறை கணக்கில் வரும். யாருக்கு எது கிடைத்தது, யார் விடுபட்டார்கள் என்று மொத்தமாகப் பார்க்க வழியில்லை. இந்த அமைப்புகளெல்லாம் சேர்ந்து பயன்படுத்த ஒரு பொதுத் தரவுத்தளம் வேண்டும் என்பதுதான் மாணவர்களிடம் வந்த கோரிக்கை. உதவி பெறுகிறவர்களின் அந்தரங்கம் எக்காரணம் கொண்டும் வெளியே கசியக்கூடாது என்பது கூடவே வந்த நிபந்தனை.

தரவுத்தளம் கட்டுவது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கணவனின் அடிக்குப் பயந்து வீட்டைவிட்டு வந்த ஒரு பெண்ணின் முகவரியை எந்த அமைப்பு பார்க்கலாம், எது பார்க்கக்கூடாது என்பது எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? அந்தப் பெண்களோடு தினமும் பேசுகிற ஊழியரிடம் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். அணுகல் உரிமை, குறியாக்கம் என்று தேர்வுக்குப் படித்த சொற்களுக்கு அப்போதுதான் மாணவருக்கு உண்மையான பொருள் விளங்கும்.

உடற்குறையுள்ள குழந்தைகளுக்கான சிகிச்சை மையம் ஒன்றுக்கு, அவர்களால் இயக்க முடிகிற மின்பொம்மைகளை இன்னொரு குழு செய்துகொடுத்தது. இப்படிப் பல.

ஆனாலும் எபிக்ஸின் உண்மையான கண்டுபிடிப்பு என்று நான் கருதுவது அந்தப் பொம்மைகளையோ தரவுத்தளத்தையோ அல்ல. அதன் கால ஏற்பாட்டைத்தான். கல்லூரிக்கு ஒரு செமஸ்டர் என்பது ஏறக்குறைய நான்கு மாதம். முதல் மாதம் தேவையைப் புரிந்துகொள்ளவே போய்விடும். கடைசி மாதம் தேர்வு. நடுவில் கிடைக்கிற எட்டு வாரத்தில் எதைச் செய்தாலும் அது அரைகுறை மாதிரியாகத்தான் இருக்கும். அதை அந்த அமைப்பின் மேசையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். அடுத்த மாதம் அது பழுதானால் மாணவர் வளாகத்திலேயே இருக்கமாட்டார்.

எபிக்ஸ் இந்த முடிச்சை அவிழ்த்தது. ஒரு குழுவில் முதலாண்டிலிருந்து இறுதியாண்டு வரை எல்லா வகுப்பினரும் இருப்பார்கள். பிற துறையினரும் சேரலாம். ஒரு செமஸ்டருக்கு ஒன்றோ இரண்டோ கிரெடிட்தான். ஆனால் அடுத்தடுத்த செமஸ்டர்களிலும் தொடரலாம். மூத்தவர் பட்டம் வாங்கிப் போகும்போது, அவரோடு இரண்டு ஆண்டு வேலை பார்த்த இளையவர் பொறுப்பேற்பார். மாணவர் மாறுவார், குழு மாறாது. ஒரு திட்டம் முடிய மூன்று செமஸ்டர் ஆனாலும் ஐந்து ஆனாலும் பரவாயில்லை. கொடுத்த பிறகு ஏற்படும் பழுதைப் பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலைதான். நம் ஊரில் கோயில் திருவிழாவின் பொறுப்பு தலைமுறை தலைமுறையாகக் கைமாறுவது போல ஒரு ஏற்பாடு இது. காயில், ஜேமிசன் இருவருக்கும் இத்திட்டத்தை வளர்த்த வில்லியம் ஓக்ஸுக்கும் அமெரிக்காவின் தேசியப் பொறியியல் கழகம் 2005இல் பொறியியல் கல்விக்கான கார்டன் பரிசை வழங்கியது.

இனி ஆராய்ச்சிக் கொள்கைக்கு வருவோம். பர்டியூ வானத்திலிருந்து விழுந்த பல்கலைக்கழகம் அல்ல. ஆபிரகாம் லிங்கன் 1862இல் கையெழுத்திட்ட மோரில் சட்டம் மாநிலங்களுக்கு அரசு நிலத்தைக் கொடுத்து, அதன் வருவாயில் வேளாண்மையும் இயந்திரத் தொழிற்கலைகளும் கற்பிக்கும் கல்லூரிகளை நடத்தச் சொன்னது. அப்படி 1869இல் உருவானதுதான் பர்டியூ. 1914இல் இன்னொரு சட்டம் வந்தது. பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவை மாவட்டந்தோறும் விவசாயிகளிடம் கொண்டுபோக நிரந்தர ஊழியர்களையும் நிரந்தர நிதியையும் அது ஏற்படுத்தியது. பயிரில் பூச்சி விழுந்தால் கூப்பிட ஒரு ஆள் இருந்தார். இயந்திரக் கலைகளும் மோரில் சட்டத்தில் சேர்ந்தே இருந்தன. ஆனால் பொறியியலுக்கு அந்த அளவுக்கு ஒரு விரிவாக்கப் பணி அமையவேயில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பார்வை வேறு பக்கம் திரும்பியது. போர்க்கால அறிவியல் ஆராய்ச்சியை வழிநடத்திய வேனிவர் புஷ் 1945இல் அளித்த புகழ்பெற்ற அறிக்கையின் சாரம் இதுதான்: அடிப்படை ஆராய்ச்சிக்கு அரசு பணம் கொடுக்கட்டும், பயன் தானாகவே சமூகத்துக்கு வந்துசேரும். அந்தச் சிந்தனையில் 1950இல் பிறந்த தேசிய அறிவியல் அறக்கட்டளை, நெடுங்காலம் அறிவுத்தகுதியையே முதன்மையாகப் பார்த்தது. 1997இல்தான் விண்ணப்பங்களை மதிப்பிடும் அளவுகோல்களை இரண்டாகச் சுருக்கியது. ஒன்று அறிவுத்தகுதி. மற்றொன்று ‘பரந்த தாக்கம்’, அதாவது இந்த ஆராய்ச்சியால் சமூகத்துக்கு என்ன நன்மை என்ற கேள்வி. அந்தக் கேள்வியைப் படிவத்திலேயே ஏற்றியது பெரிய மாற்றம். எபிக்ஸ் போன்ற முயற்சிகளுக்கு இப்படிப்பட்ட சூழல் துணையாக இருந்தது.

ஆனால் மானியம் பெரும்பாலும் மூன்றாண்டுக்குத்தான். புதியதைச் செய்யப் பணம் தருவார்கள், பழையதைப் பழுதுபார்க்கத் தருவது அரிது. அரசியல் காற்று திசைமாறினால் அதுவும் நிற்கும். 2025 ஏப்ரலில் அறக்கட்டளை, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த நூற்றுக்கணக்கான மானியங்களைப் பாதியில் ரத்துசெய்தது. அதே மாதம் அதன் இயக்குநர், சென்னையில் பிறந்த சேதுராமன் பஞ்சநாதன், பதவிக்காலம் முடியும் முன்பே விலகினார். மானியத்தை மட்டும் நம்பி ஒரு ஊரோடு உறவு வைத்திருக்கும் திட்டம் இத்தகைய நாளில் அந்த ஊருக்கு என்ன பதில் சொல்லும்? எபிக்ஸ் முப்பது ஆண்டு நிலைத்ததற்கு அது பாடத்திட்டத்துக்குள் ஒரு பாடமாக ஊன்றிக்கொண்டதே முக்கியக் காரணம் என்பது என் கருத்து. நிதி கூடலாம், குறையலாம். கால அட்டவணையில் இடம்பிடித்த பாடத்தை எளிதில் தூக்கிவிட முடியாது.

இந்தியாவில் 1974ஆம் ஆண்டில் இரண்டு விதைகள் விழுந்தன. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் தொடங்கியது அந்த ஆண்டுதான். இன்று நாடெங்கும் 700க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. அதே ஆண்டில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் அமுல்யா ரெட்டி ‘அஸ்த்ரா’ என்ற பிரிவைத் தொடங்கினார். ஊரகப் பகுதிகளுக்கு அறிவியல் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது அதன் வேலை. மின்வேதியியலில் உலகம் அறிந்த பாடநூலை எழுதியவர், சாணத்தையும் விறகையும் மண் செங்கலையும் ஆராயப் போனார்.

தும்கூர் மாவட்டத்தில் உங்க்ரா என்ற ஊரில் அஸ்த்ரா ஒரு கிளை மையத்தை அமைத்துக்கொண்டு அங்கேயே தங்கியது. அருகில் உள்ள புரா கிராமத்தில் சமையலுக்காகச் சமுதாயச் சாண எரிவாயுக் கலன் கட்டினார்கள். ஊரில் கிடைத்த சாணம் எல்லா அடுப்புக்கும் எரிவாயு தரப் போதவில்லை. திட்டம் அத்தோடு மூடப்பட்டிருக்கலாம். ஊராருக்கு அதைவிட முக்கியமாகத் தேவைப்பட்டது குடிநீர். 1987இல் அதே கலனின் எரிவாயுவைக் கொண்டு எஞ்சினை ஓட்டி, மின்சாரம் எடுத்து, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீரேற்றிக் குழாயில் விட்டார்கள், வீடுகளில் விளக்கும் எரிந்தது. வீட்டுக்கு வீடு கொண்டுவரும் சாணத்தை எடைபோட்டு வாங்கி, எருவைத் திருப்பிக் கொடுத்து, கொண்டுவந்த கூலியும் கொடுத்தார்கள். இயக்கியது உள்ளூர் இளைஞர்கள். முதல் விடை தவறியபோது ஆய்வாளர்கள் ஊரைவிட்டுப் போகாமல் அங்கேயே இருந்ததால்தான் இரண்டாம் விடை கிடைத்தது.

வேளாண்மையின் விதை 700 இடங்களில் முளைத்தது. அஸ்த்ரா பெயர் மாறி, நீடித்த தொழில்நுட்பங்களுக்கான மையமாக அதே வளாகத்தில் தொடர்கிறது. ஆனால் மாவட்டத்துக்கொரு அஸ்த்ரா வரவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் 400க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன என்பதை நினைக்கும்போது இந்த இழப்பு உறுத்துகிறது.

மத்திய அரசின் ‘உன்னத் பாரத் அபியான்’ 2014இல் டெல்லி ஐ.ஐ.டி.யை ஒருங்கிணைப்பாளராகக் கொண்டு தொடங்கியது. பங்கேற்கும் கல்லூரி ஐந்து கிராமங்களையாவது தத்தெடுத்து, வீடுவீடாகக் கணக்கெடுத்து, வளர்ச்சித் திட்டம் தீட்ட வேண்டும். நோக்கம் நல்லது. ‘தத்தெடுப்பு’ என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது. தத்தெடுக்கப்படும் குழந்தை தன் தேவையைத் தானே சொல்லாது. எபிக்ஸ், ஊர் அமைப்புகளைக் ‘கூட்டாளி’ என்றே அழைக்கிறது. கூட்டாளிக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு.

கல்லூரிகளை அளக்கும் கோலையும் பார்க்க வேண்டும். தேசியத் தரவரிசையில் பொறியியல் கல்லூரிகளுக்கு ஆராய்ச்சிக்கு 30 விழுக்காடு எடை. அதில் கட்டுரைகளும் காப்புரிமைகளும் எண்ணப்படும். ‘சென்றடைதலும் உள்ளடக்கலும்’ என்ற தலைப்புக்கு 10 விழுக்காடு உண்டு. சென்றடைதல் என்றதும் ஊருக்குப் போவதை எண்ணுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பெண் மாணவர்கள், பிற மாநில மாணவர்கள், ஏழை மாணவர்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி உண்டா என்பவையே அதில் வருகின்றன. இவையும் அவசியமானவைதான். ஆனால் ஒரு பேராசிரியர் நான்காண்டு ஒரே ஊருக்குப் போய் ஒரு நீரேற்றியை ஓடவைத்திருந்தால், அந்த உழைப்புக்கென்று அங்கே ஒரு கட்டம் கிடையாது.

மாணவர் பக்கமும் இப்படித்தான். இறுதியாண்டு ப்ராஜெக்டைப் பணம் கொடுத்து ‘ப்ராஜெக்ட் சென்டரில்’ வாங்கி, மூன்று ரிவ்யூவையும் வைவாவையும் கடந்துவிடுவது தமிழ்நாட்டில் ஊரறிந்த வழக்கம். மாணவரைத் திட்டி என்ன பயன்? யாருமே பயன்படுத்தப்போகாத ஒன்றைச் செய்யச் சொன்னால் அதை விலைக்கு வாங்கத்தான் தோன்றும். தான் செய்த சக்கர நாற்காலித் திருத்தத்தில் ஒரு குழந்தை நாளை உட்காரப் போகிறது என்று தெரிந்தவருக்கு அந்தக் கடைப்பக்கம் போக மனம் வராது.

2023இல் நிறைவேறிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம், ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதியைப் பேசுகிறது. பெரும்பகுதி தனியாரிடமிருந்து வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காட்டை மட்டுமே ஆராய்ச்சிக்குச் செலவழித்துவந்த நாட்டில் இது வரவேற்க வேண்டிய செய்தி. இதில் ஒரு சிறு துளியை, செய்துகொடுத்தவற்றைப் பராமரிக்கவும் பல ஆண்டு தொடரும் மாணவர் குழுக்களுக்கும் என்று ஒதுக்கிவைக்கலாம். பல்கலைக்கழகங்கள் இறுதியாண்டின் ஒரே பெரிய ப்ராஜெக்டை உடைத்து, இரண்டாம் ஆண்டிலிருந்தே செமஸ்டருக்கு ஒரு கிரெடிட்டாகப் பரப்பலாம். இதற்குப் புதுக் கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. பாடத்திட்டக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.

அப்படியொரு பாடத்தின் முதல் வகுப்பு எப்படி இருக்கும் என்பதற்கு எபிக்ஸ் வழி காட்டுகிறது. புதிதாகச் சேர்ந்தவர் கையில் முதலில் வருவது சென்ற செமஸ்டர்களின் குறிப்பேடுகள். என்ன செய்தோம், எது உடைந்தது, ஏன் மாற்றினோம் என்று முன்னவர்கள் எழுதிவைத்தவை. அவற்றைப் படித்து முடித்ததும், செய்துகொடுத்த பொருள் எப்படி இருக்கிறது என்று கூட்டாளி அமைப்பிடம் கேட்க வேண்டும்.