வேடந்தாங்கலில் ஒரு நாள்

எங்கள் வீட்டுத் தறியில் மயிலும் அன்னமும் தினமும் புடவைக் கரையிலே வரிசையாக ஓடுகின்றன. ஓரிக்கையில் நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு இருபத்திரண்டு வருஷமாகிறது. பட்டிலே பார்த்த பறவைதான் எனக்கு அதிகம். நிஜப் பறவைகளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்ற வைத்தவன் என் சின்ன மகன்.

ஒரு நாள் சாயங்காலம் அவன் உண்டிவில்லால் பின்கட்டு வேப்பமரத்தில் ஒரு மைனாவை அடித்துவிட்டான். அது துடித்து அடங்கியதைப் பார்த்ததும் நான் கையை ஓங்கிவிட்டேன். மாமியார்தான் தடுத்தார். "அடிச்சா நாளைக்கு உனக்குத் தெரியாம அடிப்பான். வேடந்தாங்கலுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு தடவை காட்டு" என்றார்.

"ஒரு நாள் தறி நின்னா ஒரு நாள் கூலி போச்சு" என்று வீட்டுக்காரர் இழுத்தார். கடைசியில், பக்கத்து வீட்டாரும் சேர்ந்துகொள்ள, ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை வேன் பிடித்துக் கிளம்பினோம். பாலாற்றைத் தாண்டி உத்திரமேரூர் வழியாகப் பயணம். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர்தான். இத்தனை கிட்டத்தில் இருந்தும் இத்தனை வருஷம் பார்க்காமல் இருந்தோமே என்று வெட்கமாக இருந்தது!

ஏரி பெரிது என்று சொல்ல முடியாது. சுமார் 74 ஏக்கர்தான். தண்ணீருக்குள்ளேயே நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்கின்றன. தூரத்தில் பார்த்தபோது மரமெல்லாம் வெள்ளைப் பூ பூத்திருக்கிறது என்று நினைத்தேன். கிட்டே போனால் அத்தனையும் பறவைகள்!

நத்தை குத்தி நாரைக்கு அலகின் நடுவே ஓர் இடைவெளி. வயலில் நத்தை பொறுக்கித் தின்பதற்கென்றே அமைந்த அலகு. மஞ்சள் மூக்கு நாரையின் வால் பக்கத்தில் இருந்த ரோஜா நிறத்தைப் பார்த்து வீட்டுக்காரர் அசந்துபோனார். "இந்தக் கலர் எந்தச் சாயப் பட்டறையிலும் வராது" என்றார். கரண்டிவாயனுக்கு அகப்பை போன்ற மூக்கு. பாம்புத்தாரா சிறகை விரித்துக் கொடியில் போட்ட துணி போலக் காயவைத்துக்கொண்டிருந்தது. கூழைக்கடாவின் குஞ்சு தாயின் அலகுப் பைக்குள் தலையை விட்டு மீன் தின்றது.

என்னை உருக்கியது வேறொன்று. உச்சி வெயிலில் ஒரு நாரை கூட்டின் மேல் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து அசையாமல் நின்றது. நாரைகளில் ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்குமாம். இதைச் சொன்னபோது வீட்டுக்காரர் கேட்காதது போல் இருந்துவிட்டார்!

இவை உள்ளூரிலும் நம் தேசத்தின் பல பாகங்களிலும் இருந்து வந்து கூடு கட்டுபவை. சின்ன வாத்து வகைகள் சில, குளிருக்குப் பயந்து சைபீரியா வரையிலிருந்து வருகின்றன.

மகன் உற்சாகத்தில் "ஹோ!" என்று கூவினான். கரையில் வேர்க்கடலை விற்ற கிராமத்துப் பாட்டி, "கத்தாத நைனா, குஞ்சு இருக்குது" என்று மெல்லச் சொன்னார். அந்த ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லையாம். "அதுங்க எச்சம் விழுந்த தண்ணிதான் எங்க நெல்லுக்கு உரம்" என்றார். பறவை தண்ணீரைச் சத்தாக்குகிறது, ஊர் பறவையைக் காக்கிறது. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்களாம். 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு எழுதி வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தார்கள். சட்டம் வருவதற்கு வெகு முன்பே ஊர்க் கட்டுப்பாடு இருந்திருக்கிறது. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். மழை பொய்த்து ஏரி வறண்ட வருஷம் பறவை வராது, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். காலையும் மாலை நாலு மணிக்கு மேலும் பார்க்க அழகு. பளிச்சென்ற நிறம் உடுத்தாதீர்கள். எலுமிச்சை சாதம், தயிர் சாதம், காய்ச்சி ஆறிய தண்ணீர் கையோடு இருக்கட்டும். சின்னக் குழந்தைகளுக்குத் தொப்பியும் மாற்றுத்துணியும் வேண்டும். செல்போனில் பாட்டுப் போட வேண்டாம். பிளாஸ்டிக் பையைக் கரையில் எறியவும் வேண்டாம்.

அந்தி சாயும்போது இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பின. அதையும் பார்த்துவிட்டுத்தான் வேனில் ஏறினோம். பாதி வழியில், தூங்கிவிட்டான் என்று நான் நினைத்திருந்த மகன் கேட்டான்: "அம்மா, அந்த மைனாவுக்குக் குஞ்சு இருந்திருக்குமா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தேன்.

உண்டிவில் பரண் மேலே கிடக்கிறது. அவன் கேட்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. இப்போதெல்லாம் பள்ளிக்கூடம் போகுமுன் வேப்பமரத்தடிச் சட்டியில் அவனே தண்ணீர் ஊற்றி வைக்கிறான். நானாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் கூலி போனால் போகட்டும், சகோதரிகளே. நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.