டிரெய்லர் கேரவன்: கொக்கி எதில் பூட்டியிருக்கிறது?

பெங்களூருவில் டிரெய்லர் கேரவன் வாங்கத் துணிகிற குடும்பங்கள் முதலில் விசாரிப்பது எத்தனை பேர் படுக்கலாம், ஏசி உண்டா, தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரியது என்பவற்றைத்தான். இழுக்கப்போகும் எஸ்யுவி ஏற்கெனவே வீட்டில் நிற்கிறது. இரண்டையும் சேர்க்கும் ஹிட்ச் பற்றிய பேச்சு கடைசியில் வருகிறது. கையில் மிஞ்சிய பணத்துக்கு ஏற்ற கொக்கி என்று அதுவும் முடிந்துவிடுகிறது. இந்த வரிசை தலைகீழானது. எடையைப் பகிர்ந்து வைக்கும் 'வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்' நல்ல கருவி, பல வண்டிகளுக்கு அவசியமான கருவியும்கூட. ஆனால் டிரெய்லரின் நீளத்தைப் பார்த்தோ விளம்பரத்தைப் பார்த்தோ அதைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதன் அளவை எடைமேடை சொல்ல வேண்டும். அதை மாட்டலாமா கூடாதா என்பதை இழுக்கும் வண்டியின் சேஸி சொல்ல வேண்டும். சேஸியிடமிருந்து பதில் வராத வரை எடைமேடைக்குப் போய் வருவதில் பயனில்லை.

டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களில் நிற்பதில்லை. ஒரு பங்கு, டிரெய்லரின் முன்முனையில் பந்தைக் கவ்வும் கப்ளர் வழியாக, வண்டியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பந்தின் மேல் இறங்குகிறது. இதை 'டங் வெயிட்' என்பார்கள். அமெரிக்க வழக்கில் அது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். 1,200 கிலோ டிரெய்லருக்கு 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நம் சாலைகளில் ஓடும் பெரிய எஸ்யுவிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 2.75 மீட்டர். பின் அச்சிலிருந்து பந்து 1.2 மீட்டர் தள்ளி இருந்தால், கிணற்றடி ஏற்றத்தின் கணக்கேதான் இங்கும்: ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும். 150ஐ 1.2ஆல் பெருக்கி 2.75ஆல் வகுத்தால் 65. முன் அச்சு 65 கிலோவை இழக்கிறது. பின் அச்சின் மேல் 150 அல்ல, 215 கிலோ கூடுகிறது. டிக்கியில் சாமானும் பின் இருக்கையில் மூன்று பேரும் இருந்தால் அதற்கும் மேல். வண்டியைத் திருப்புவது முன் சக்கரங்கள். பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலையைச் செய்வதும் அவையே. தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் சேலத்தை நோக்கி இறங்கும் வண்டிக்கு அந்த 65 கிலோ சின்ன விஷயமல்ல. மூக்கைத் தூக்கி ஓடும் வண்டியின் ஹெட்லைட் இரவில் எதிரே வருபவரின் கண்ணில் அடிப்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்தே எழுத வேண்டும்.

எடைபகிர்வு ஹிட்ச்சின் தலையிலிருந்து இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் பின்னோக்கி நீண்டு டிரெய்லரின் முக்கோணச் சட்டத்துக்குக் கீழே போகின்றன. நுனிகளைச் சங்கிலி போட்டு மேலே இழுத்து மாட்டும்போது கம்பிகள் வளைகின்றன. அந்த விறைப்பு வண்டியின் பின்புறத்தை நெம்பி, எடையின் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் இன்னொரு பகுதியை டிரெய்லரின் அச்சுக்கும் தள்ளுகிறது. பந்துக்கும் டிரெய்லர் அச்சுக்கும் இடையே 3.6 மீட்டர் இருக்கிற நம் உதாரண வண்டியில், முன் அச்சு இழந்த 65 கிலோவையும் திருப்பிக்கொடுக்கும் அளவுக்கு இறுக்கினால் டிரெய்லர் அச்சு சுமார் 37 கிலோவைக் கூடுதலாக ஏற்கும், பின் அச்சில் 113 கிலோ நிற்கும். கூட்டினால் அதே 150. எடை எங்கும் மறைந்துவிடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. இழந்ததை முழுவதும் திருப்புவதே சரி என்று ஒரு காலத்தில் சொன்ன அமெரிக்கக் கையேடுகளில் பல இன்று பாதி திரும்பினால் போதும் என்கின்றன. காரணம் உண்டு. அளவுக்கு மேல் இறுக்கினால் பின் சக்கரங்களின் பிடிப்பு குறைகிறது. ஈரச் சாலை வளைவில் பிரேக் பிடிக்கும்போது டிரெய்லர் பின்னிருந்து தள்ள, வண்டியின் பின்புறம் வெளியே வீசப்படும்.

ஆகவே பெரியதாக வாங்கினால் பாதுகாப்பு என்ற எண்ணம் இந்தக் கருவியில் பலிக்காது. அமெரிக்காவிலிருந்து வரும் கம்பிகள் 600, 800, 1,000, 1,200 பவுண்டு என்று தரம் குறிக்கப்பட்டு வருகின்றன. 600 பவுண்டு என்பது சுமார் 272 கிலோ. நம் உதாரணத்தில் 150 கிலோ டங் வெயிட்டோடு, பின் அச்சுக்குப் பின்னால் டிக்கியில் வைக்கும் 60 கிலோ சாமானைச் சேர்த்தாலும் 210தான். 600 பவுண்டு கம்பி தாராளமாகப் போதும். 1,200 பவுண்டு கம்பி வளையவே மறுக்கும், ஒவ்வொரு பள்ளத்தின் அடியையும் அப்படியே சேஸிக்குக் கடத்தும். சரியான எண் வேண்டுமென்றால் பீன்யாவிலோ ஓசூர் சாலையிலோ லாரிகள் நிற்கும் ஓர் எடைமேடைக்குப் போக வேண்டும். வண்டி மட்டும், டிரெய்லரை மாட்டிக் கம்பிகளைத் தளர்த்தி, பிறகு கம்பிகளை இறுக்கி என்று மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முன் அச்சைத் தனியே மேடையில் நிறுத்தி எடுக்க வேண்டும். பயணத்தன்று இருக்கும் சாமான்கள் அத்தனையும் ஏற்றியிருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியை மறக்கக்கூடாது: அச்சுக்கு 1.5 மீட்டர் முன்னால் இருக்கும் 100 லிட்டர் தொட்டி நிரம்பினால் பந்தின் மேல் 40 கிலோவுக்கு மேல் கூடும், காலியானால் அவ்வளவும் குறையும். காலையில் இறுக்கியது மாலையில் சரியாக இருக்காது.

பந்தின் அளவையும் கேட்டு வாங்க வேண்டும். ஐரோப்பிய வழிவந்த கொக்கிகளில் பந்து 50 மில்லிமீட்டர். அமெரிக்கக் கப்ளர்கள் பல 2 அங்குலத்துக்கு, அதாவது 50.8 மில்லிமீட்டருக்குச் செய்தவை. 50 பந்தின் மேல் 2 அங்குலக் கப்ளர் உட்காரும், பூட்டும், போகும். அந்தத் தளர்ச்சியோடு ஆயிரக்கணக்கான குலுக்கல்களைத் தாங்குவதுதான் ஆபத்து. டிரெய்லர் வாலாட்டுவதற்கு இந்த ஹிட்ச்சே மருந்து என்று விற்பவர்களின் பேச்சையும் அப்படியே ஏற்க முடியாது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் 2009இல் வெளியிட்ட சோதனை முடிவுகளின்படி, வேகத்தில் டிரெய்லர் நிலைகுலைவதை முக்கியமாகத் தீர்மானிப்பவை அதன் எடை எப்படிப் பரவியிருக்கிறது, அச்சு எங்கே இருக்கிறது, முன்னால் எவ்வளவு எடை இறங்குகிறது என்பவை. கனமான பொருட்களைப் பின்கோடியில் அடுக்கிவிட்டு முன்னால் விலையுயர்ந்த ஹிட்ச் மாட்டினால் வால் நிற்காது. வாலாட்டத்தை அடக்க உராய்வுத் தண்டு ஒன்றைத் தனியே மாட்டுகிறவர்கள், ரிவர்ஸ் எடுப்பதற்கு முன் அதைக் கழற்ற வேண்டும் என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். ஜெயநகரிலோ மல்லேஸ்வரத்திலோ குறுகிய தெருவில் கேட்டுக்குள் பின்னோக்கி நுழைக்கும்போது அது வளைந்துபோகும்.

இவை எல்லாம் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை. கேட்டாலும் பதில் கிடைக்காத ஒன்று இருக்கிறது, என் கவலை முழுவதும் அதன் மேல்தான்: ஹிட்ச் எதில் பூட்டப்படுகிறது? முன் அச்சின் எடையை முழுவதும் திருப்பும் நம் கணக்கில் ஹிட்ச் தலை 135 கிலோ-மீட்டர் முறுக்கைத் தாங்குகிறது, அதாவது 1 மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 135 கிலோ தொங்கும் அளவுக்கு. சாதாரணக் கொக்கி கீழ்நோக்கிய எடைக்கும் பின்னோக்கிய இழுப்புக்கும் செய்யப்பட்டது. இந்தக் கருவியோ அதை எதிர்த்திசையில் முறுக்குகிறது. அமெரிக்காவில் ரிசீவரின், அதாவது வண்டியில் பூட்டப்பட்டு ஹிட்ச்சை ஏற்கும் குழாயின், மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும், எடையைச் சும்மா சுமக்கும்போது ஒன்று, பகிரும்போது இன்னொன்று. பகிர்வு ஹிட்ச் மாட்டவே கூடாது என்று எழுதிய ரிசீவர்களும் உண்டு. இங்கே வண்டிகள் பலவற்றின் கையேட்டில் இழுவைத் திறனே தெளிவாக இல்லை. பட்டறையில் ஒரு சதுரக் குழாயை வெட்டி, இரண்டு தகடுகளை வெல்டிங் வைத்து, பம்பருக்குப் பின்னால் இருக்கும் துளைகளில் போல்ட் முடுக்கிக் கொடுக்கிறார்கள். அந்தக் கைவினைஞர்களின் திறமையில் எனக்குக் குறையில்லை, ஜே.சி. சாலையையும் கலாசிப்பாளையத்தையும் சுற்றி உழைக்கும் கைகள் இந்த ஊரின் பாதி வண்டிகளை ஓடவைக்கின்றன. ஆனால் அவர்களிடம் தரப்படுவது கொக்கியின் படம் மட்டுமே. முறுக்கு எவ்வளவு, சேஸியின் எந்தப் பகுதி அதை ஏற்கும் என்ற எண்ணை அவர்களுக்கு யாரும் கொடுப்பதில்லை. கனத்த ஏணிச் சட்டம் உள்ள வண்டியில் பூட்ட ஓர் இடமாவது உண்டு. தகட்டை மடித்து உடலும் சட்டமும் ஒன்றாகச் செய்த வண்டிகளில் அந்த முறுக்கு போய்ச்சேரும் இடம் மெல்லிய தகடு.

பெங்களூருவின் வேகத்தடைகள் இந்தக் கவலையைப் பல மடங்காக்குகின்றன. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல் 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மேட்டைச் சொல்கிறது. தெருக்களில் நாம் சந்திப்பது அதைவிடக் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். எஸ்யுவியின் முன் சக்கரம் மேட்டில் ஏறும்போது கம்பிகளின் நுனி கீழே போக முயல்கிறது, இறுக்கம் கூடுகிறது. பின் சக்கரம் ஏறும்போது இறுக்கம் தளர்கிறது. டிரெய்லரின் சக்கரம் ஏறும்போது மறுபடி கூடுகிறது. சரியான அளவில் கட்டிய 10 செ.மீ. மேடே கம்பி நுனியை 2 செ.மீ.க்கு மேல் கூடுதலாக வளைக்கும். ஒரே மேட்டில் இரண்டு முறுக்கு, ஒரு தளர்ச்சி. வீட்டிலிருந்து நகர எல்லைக்குள் இப்படி எத்தனை! வெல்டிங் ஒரே அடியில் விடுவதில்லை, இப்படி மாறி மாறி முறுக்கப்பட்டுத்தான் கீறல் விடுகிறது. அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைகீழ் நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவின் அடிமுனை இன்னும் மோசம். அங்கே கம்பிகளைக் கழற்றிவிட்டே இறங்க வேண்டும்.

பின் அச்சின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேகோ கூடுதல் பட்டையோ போட்டால் வண்டி சமமாகிவிடுமே என்று சிலர் கேட்கலாம். வண்டி சமமாகத் தெரியும், அவ்வளவுதான். முன் அச்சு இழந்த 65 கிலோவில் ஒரு கிலோகூடத் திரும்பாது. 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதவருக்கு இதெல்லாம் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. மெதுவாகப் போவது வாலாட்டத்துக்கு நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மேட்டின் முறுக்கும் இறக்கத்தின் தள்ளலும் அந்த வேகத்திலேயே இருக்கின்றன. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் யாரும் வேகமாகப் போவதில்லை; டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இல்லாவிட்டால் அங்கே எந்த ஹிட்ச்சும் உதவாது. ஐரோப்பியர்கள் எடைபகிர்வு ஹிட்ச் இல்லாமலே, பந்தின் மேல் 5 முதல் 7 சதவீதம் எடையை மட்டும் வைத்து ஓட்டுகிறார்கள் என்பதும் உண்மை. அவர்களுடைய டிரெய்லர்கள் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை.

அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது வேறொன்று. தனி பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அங்கே உச்ச எடை 750 கிலோ. அந்த எடையில் 10 சதவீதம் பந்தில் இறங்கினால் 75 கிலோ. அதே எஸ்யுவியின் முன் அச்சு இழப்பது 33 கிலோ. 1,200 கிலோ டிரெய்லரை எடைபகிர்வு ஹிட்ச்சில் மாட்டி, பாதி எடையைத் திருப்பியபின் முன் அச்சு இழந்து நிற்பதும் ஏறக்குறைய அதே 33 கிலோதான். வண்டியின் கையேட்டில் இழுவைத் திறனும், ரிசீவரின் தகட்டில் பகிர்வுக்கான எண்ணும் எழுத்தில் இருந்தால் பெரிய டிரெய்லரையும் 600 பவுண்டு கம்பியையும் வாங்கலாம். இல்லையென்றால் சிறிய டிரெய்லர், சாதாரணக் கொக்கி, முறுக்கு இல்லாத சேஸி. குளிர்சாதனப் பெட்டிக்கும் நான்காவது படுக்கைக்கும் அதில் இடமிருக்காது.