இழுக்கும் மூச்சுக்கும் ஒரு சுரம்

நாகசுரமும் புல்லாங்குழலும் ஊதினால்தான் ஒலிக்கும் என்றிருக்க, மூச்சை உள்ளே இழுக்கும்போதும் பாடுகிற கருவி எது? ஹார்மோனிகா என்னும் மவுத் ஆர்கன்தான் அது. அதன் ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்டு மறுமுனை தன்போக்கில் அதிரும் மெல்லிய உலோக நாக்குகள் இருப்பதால், சாதாரண மவுத் ஆர்கனில் ஊதும் மூச்சு ஒரு சுரத்தையும் இழுக்கும் மூச்சு மற்றொரு சுரத்தையும் எழுப்புகின்றன. ஆகவே, கற்பிப்பவர் முதலில் திருத்த வேண்டியிருப்பது மாணவரின் விரலை அன்று, மூச்சை!

பாடகர் நெய்வேலி சந்தானகோபாலன் போன்றோர் குரலில் குழைத்துத் தரும் கமகத்தை, அதாவது சுரத்தை நேராக நிறுத்தாமல் அசைத்தும் இழைத்தும் பாடும் முறையை, இந்தச் சிறு கருவியில் கொண்டுவருவது கடினமே. எனினும் நாவின் நிலையையும் வாயின் உட்குழிவையும் மாற்றினால் சில துளைகளில் சுரம் ஓரளவு வளைந்து கொடுக்கும். திரையிசை இக்கருவியின் இனிமையை முன்பே கண்டுகொண்டது. 1964இல் வெளிவந்த 'தோஸ்தி' என்னும் இந்திப் படத்தில், இசையமைப்பாளர்கள் லட்சுமிகாந்த்–பியாரேலால் என்றாலும், மனத்தை உருக்கும் அந்த மவுத் ஆர்கன் ஒலிக்குப் பின்னிருந்த மூச்சு, பின்னாளில் புகழின் உச்சியைத் தொட்ட ஆர். டி. பர்மனுடையது.