கரு வைத்த பின் ஏன் இத்தனை நாள் காத்திருப்பு?

சோதனைக்குழாய் முறையில் கருவைக் கருப்பைக்குள் வைத்த பிறகு, ரத்தப் பரிசோதனைக்கு 10 முதல் 14 நாள் பொறுக்கச் சொல்கிறார்கள். இது மருத்துவமனைச் சம்பிரதாயம் அல்ல, உடலின் கணக்கு. ஐந்து நாள் வளர்ந்த கரு உள்ளே போனதுமே ஒட்டிக்கொள்வதில்லை. தன் மேலுறையை விட்டு வெளிவந்து, கருப்பையின் உட்சுவரில் புதைந்து வேர்பிடிக்கச் சில நாள் ஆகும். அதன் பிறகே கருவின் வெளிச்செல்கள் சுரக்கும், பரிசோதனை தேடும் எச்.சி.ஜி. ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. முதலில் துளியளவுதான், பிறகு சுமார் இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்.

வீட்டிலேயே முன்கூட்டிப் பார்த்தால் என்ன குறை? இரு பக்கமும் ஏமாறலாம். முட்டையை முதிரவைக்கப் போடும் ஊசி பல சமயம் இதே எச்.சி.ஜி.தான், அது உடலைவிட்டு நீங்க 10 நாளோ கூடுதலோ ஆகலாம். அதற்குள் வீட்டுப் பரிசோதனைப் பட்டையில் தெரியும் இரண்டு கோடு அந்த ஊசி போட்ட கோடாகவும் இருக்கலாம். உறையவைத்த கருவுக்குப் பெரும்பாலும் அந்த ஊசி இல்லையே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனாலும் ஹார்மோன் போதாத நாளில் பார்த்தால், பதிந்த கருவும் 'இல்லை' என்றே காட்டும். அந்தப் பொய்யான 'இல்லை'யை நம்பி புரோஜெஸ்டிரோன் மருந்தை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. அறிகுறிகளும் சாட்சியாகா: மார்பு வலி, வயிற்று உப்புசம், தூக்கக் கலக்கம் எல்லாம் மருந்தாகத் தரும் புரோஜெஸ்டிரோனாலும் வரும். படுத்தே கிடந்தால் கரு நன்றாக ஒட்டும் என்பதற்கும் ஆய்வுகளில் ஆதாரமில்லை. கருப்பையின் சுவர்களுக்கிடையே இருக்கும் கரு, எழுந்து நடந்தால் நழுவி விழாது.