இழுத்த கயிறு திரும்பி வருவது எப்படி?

விடியற்காலையில் திருநெல்வேலியின் செம்மண் தோட்டங்களுக்குள் நடந்தால் ‘சர்ர்’ என்று இரண்டு இழுவை கேட்கும். மூன்றாவது இழுவையில் இறைப்பு மிஷின் பிடித்துக்கொள்ளும். கிணற்றுத் தண்ணீர் வெங்காயப் பாத்திக்கு ஓடும். எல்லாரும் தண்ணீரைப் பார்ப்பார்கள். நான் கயிற்றைப் பார்ப்பேன். இழுத்து விட்டதும் அது தானாக உள்ளே போய்விடுகிறதே!

மிஷின் வருமுன் கிணற்றுத் துலாவின் மேல் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். அவருடைய பாரம் தண்ணீர் அள்ளும் பட்டையைக் கிணற்றுக்குள் இறக்கவும் ஏற்றவும் கைகொடுத்தது. மிஷினில் கயிற்றைத் திருப்பி அழைப்பது ஒரு மெல்லிய உருக்கு நாடா. வட்டமாகச் சுருட்டி வைத்திருக்கும் இந்தச் சுருள்வில்லின் ஒரு முனை மூடியிலும் மறுமுனை கயிறு சுற்றிய கப்பியிலும் கொளுவியிருக்கும். நீங்கள் இழுக்கும்போது அது இறுகும், விட்டதும் விரியும்.

கப்பியின் சுற்றளவு 30 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். 120 சென்ரிமீற்றர் கயிற்றை அரை நொடியில் இழுத்தால் 4 சுற்று. நிமிடத்துக்கு 480 சுற்று வேகம். தீப்பொறி பிறக்க அது போதும். மிஷின் பிடித்ததும் அதன் சில்லு நொடிக்கு 50 தடவை சுழலலாம். அந்த வேகம் கயிற்றையும் உங்கள் கையையும் பிடித்து இழுக்காதது ஏன்?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இருக்கிறது. கப்பியில் சிறு தடைப்பற்கள் உண்டு: ஒரு திசையில் கவ்வி, மறுதிசையில் நழுவும் நாக்குகள். இழுத்தால் வெளியே நீண்டு சில்லைக் கவ்வும். சில்லு கப்பியை முந்திய கணமே நழுவி ஒதுங்கும். பிடிக்கவும் தெரியும், விடவும் தெரியும்.

கயிற்றின் கைப்பிடி தளர்ந்து தொங்குகிறதா? கயிறு முழுவதும் உள்ளே போன பின்பும் வில்லில் ஓரிரு சுற்று இறுக்கம் மிஞ்சியிருக்க வேண்டும். இதை முற்சுற்று என்போம். அது குறைந்தால் கடைசிச் சாண் கயிறு வெளியே நிற்கும். இன்னொரு காரணம் செம்மண் தூசி. மிஷினைக் குளிர்விக்கும் விசிறி காற்றை இழுப்பது இந்த மூடியின் வழியாகத்தான். தூசியும் கூடவே வரும். அதன் மேல் எண்ணெயை அள்ளி ஊற்றினால் இரண்டும் குழைந்து களியாகிவிடும். முதலில் துடையுங்கள்; பிறகு நடு அச்சிலும் வில்லிலும் மெல்லிய கிறீஸ் பூச்சு போதும். கழற்றும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும்: அடைபட்ட வில் முகத்தை நோக்கிப் பாயக்கூடும். கயிற்றைச் சட்டென்று விடாமல் கையோடு கொண்டுபோய்ச் சேர்த்தால் கயிறும் வில்லும் நெடுநாள் உழைக்கும்.

வீட்டுக்குள் இருக்கும் வக்கியூம் கிளீனரின் வயரைச் சுருட்டுவதும் இதே வில்தான். அங்கே 5 மீற்றர் வயர். 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருளையில் ஏறக்குறைய 11 சுற்று. வெளியே இழுத்த வயரை ஒரு சிறு உருளி நெருக்கி நிறுத்தும். பொத்தானை அழுத்தினால் அது விலகும். அந்த உருளியில் எண்ணெய் பட்டால் வயர் நிற்காது. வயர் மெதுவாகப் போனால் முழுவதையும் வெளியே இழுத்து உலர்ந்த துணியால் துடையுங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதில் ஒட்டிய அழுக்குத்தான்.

உருளை 11 தடவை சுற்றியும் உள்ளே வயர் முறுக்கிக்கொள்ளாதது இன்னோர் அதிசயம். சுழலும் உலோக வளையங்களின் மேல் அசையாத தகடுகள் உரசி நிற்கின்றன. மின்சாரம் அந்த உரசலின் வழியே மோட்டருக்குப் போகிறது.